மொட்டை தனராஜின் தலைமுடி

சித்தூரில் மொட்டை தனராஜைத் தேடி வருகிறவர்கள் முதல் தடவை அவரைக் கண்டுபிடிப்பதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய கடை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பியால் காயில் கட்டிக் கொடுப்பது தொழில். பலமனேரிலிருந்து பம்புசெட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு விவசாயி, அவருக்கு எதிரிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தார்.

"ஏம்ப்பா, மொட்டை எப்ப வருவாரு?"

"வந்துதான் கீறேன். சொல்லு."

"நீ இல்லப்பா. உன் முதலாளி."

விவசாயியைக் குறை சொல்ல முடியாது. எதிரே செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவரின் தலையில் காடு மாதிரி சுருட்டை முடி. சீப்பு உள்ளே போனால் இரண்டு பல்லைக் காணிக்கை வைத்துவிட்டுத்தான் வெளியே வரும். ஐம்பத்தைந்து வயதிலும் ஒரு முடி உதிரவில்லை. அவர் மனைவி தபீதாளுக்கு அதில் பெருமை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடற்குழு எழுந்து நிற்கும்போது, கடைசி வரிசையில் இருந்தாலும் தன் கணவர் தனியாகத் தெரிகிறார் என்பாள்.

பட்டப்பெயர் தலையால் வந்ததல்ல, வாயால் வந்தது. எங்கே யார் அநியாயமாக விலை கேட்டாலும் தனராஜ் சொல்கிற சொல் ஒன்றே ஒன்று: "மொட்டை அடிச்சிட்டான்." மகள் ஸ்வீட்டியின் பள்ளியில் பெல்ட்டையும் டையையும் அங்கேயே வாங்கியாக வேண்டும் என்றபோது, மொட்டை. மாம்பழக் கூழ் ஆலை வாசலில் லாரிகளை நாள் கணக்கில் நிறுத்திவைத்து, பழம் கனிந்து ஒழுகத் தொடங்கியதும் பாதி விலை சொல்கிறார்களே, அது வாங்குகிறவன் அடிக்கிற மொட்டை.

"அப்ப நீ எங்கிட்ட வாங்கறது இன்னா?" என்று வாடிக்கையாளர்கள் சீண்டுவார்கள்.

"வெலைய மொதல்லயே சொல்லிட்டா அது வியாபாரம். வேல முடிஞ்சப்புறம் சொன்னா மொட்டை. நான் மொதல்லயே சொல்றேன். வேணாம்னா தூக்கினு போ."

இதைவிடத் தெளிவாக அந்தச் சொல்லுக்கு யாரும் பொருள் சொல்லிவிட முடியாது. திருடன் நாம் தூங்கும்போது வருகிறான். கொள்ளைக்காரன் கத்தியைக் காட்டுகிறான். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவன் போடுவது நாமம். மொட்டைக்கு மட்டும்தான் நாமே நடந்து போய், நாமே உட்கார்ந்து, நாமே தலையைக் குனிகிறோம். குனிந்த பிறகு பாதியில் எழுந்து வர முடியாது. அநியாய விலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எப்படிக் கிடைக்கும்? நோயாளியோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவனும், பிள்ளைக்கு இடம் கேட்டுப் பள்ளி வாசலில் நிற்கிறவனும் குனிந்த தலைகள்தான். குனிந்த தலையைப் பார்த்து விலை சொல்கிறவனை நம் நாடு சாமர்த்தியசாலி என்கிறது. தனராஜ் அப்படிச் சொல்லவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அதை அவர் யாருக்காகவும் மென்று விழுங்கியதில்லை.

அந்தச் சொல்தான் அவரைத் திருப்பதியில் கவிழ்த்தது.

தபீதாளுக்குக் கண்ணில் புரை. திருப்பதியில் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஒரு லாட்ஜ். வாடகையை முதலிலேயே சொன்னார்கள், தனராஜ் மகிழ்ச்சியாகத் தங்கினார். அறையைக் காலி செய்யும்போது வந்த பில் சொன்ன வாடகையைப் போல மூன்று மடங்கு இருந்தது. லாட்ஜ் உரிமையாளர் சுரேஷ்பாபு தெலுங்குக்காரர். தமிழ் யாத்திரிகர்களோடு பழகிப் பழகித் தமிழைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார்.

"லிஃப்ட் சார்ஜ் இன்னாத்துக்கு?"

"எறங்கனீங்க இல்ல சார்."

"ஏறும்போது கேக்கலியே?"

"ஏர்றது ஃப்ரீ சார். வர்ற கெஸ்டுகிட்ட காசு கேட்டா மரியாதையா இருக்குமா?"

"சொல்லியிருந்தா படியில எறங்கியிருப்பேனே!"

"படி மெயின்டனன்ஸ் தனியா கீது. நீங்க லிஃப்ட்ல வந்ததால அத்த போடல. லாபம்தான் உங்களுக்கு."

"இது இன்னா, செவுரு சார்ஜ்?"

"கண்ணு ஆபரேஷன் பேஷன்ட்டுங்க செவுத்த புடிச்சிக்கினு நடக்கறாங்க. சுண்ணாம்பு அழுக்காவுது. நான் இன்னா பண்றது சார்?"

தபீதாளின் கண்ணில் விட வேண்டிய சொட்டு மருந்துப் பை கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பணம் கட்டிய பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது.

திருப்பதியில் மக்களிடம் வாரம் ஒருநாள் குறை கேட்கிற அலுவலகம் ஒன்றுக்கு தனராஜ் போனார். கணினியின் முன் காவ்யா என்ற பெண் இருந்தாள். ஸ்ரீகாகுளம் பக்கத்துக்காரி, தமிழ் தெரியாது. ஆனால் திருப்பதியில் வேலை பார்க்கிற யாருக்கும் தமிழில் ஒரு சொல்லாவது தெரிந்துவிடும். பேருந்திலிருந்து இறங்குகிற தமிழர்கள் அவளிடம் வந்து கேட்பது ஒன்றுதானே: மொட்டை எங்கே அடிக்கிறார்கள்?

சித்தூர்க்காரரான தனராஜுக்குத் தெலுங்கு சரளமாக வரும். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்தவர், தெலுங்கு எழுத்து பழக்கமில்லை. நடந்ததைத் தெலுங்கில்தான் சொன்னார். எல்லாச் சொல்லும் தெலுங்கில் வந்தது, ஒரு சொல்லைத் தவிர.

"லாட்ஜிவாள்ளு நாக்கு மொட்டை கொட்டேசாரம்மா!"

லாட்ஜ்காரர் தனக்கு மொட்டை அடித்துவிட்டார் என்று அவர் சொன்னதும் காவ்யா திடுக்கிட்டாள். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் என்பதால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மொட்டைக்குத் தெலுங்கில் வழங்குகிற 'குண்டு' என்ற சொல்லை எழுதியிருந்தாலாவது தனராஜ் பிழைத்திருப்பார். பணத்தைப் பறித்தான் என்பதற்குத் தெலுங்குத் தெருவிலும் குண்டு அடித்தான் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அரசாங்கப் பதிவில் தெருச்சொல்லை எழுதக் கூடாதென்று அவளுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் மலைமேல் முடி கொடுப்பதற்கு வழங்குகிற பக்தியான சொல்லைப் போட்டாள்: தலநீலாலு. 'லாட்ஜ் உரிமையாளர் மனுதாரரின் தலநீலாலைக் கட்டாயமாக எடுத்துவிட்டார்.' தனராஜ் லிஃப்டையும் சுவரையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது, எழுத இருந்த கட்டம் நிரம்பிவிட்டது.

அந்தச் சமயம் அவருடைய தலையை அவள் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். அவள் திரையைத்தான் பார்த்தாள். நம் அலுவலகங்களில் மனிதனின் தலை பார்க்கப்படுவதில்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணை, அந்த லாட்ஜிலேயே. வந்த அதிகாரியின் பெயர் கோவர்த்தனன். புகாரைப் படித்தார். தனராஜின் தலையைப் பார்த்தார். மறுபடியும் புகாரைப் படித்தார்.

"தனராஜ் யாரு?"

"நான்தான் சார்."

"உன் தலைய இவரு மழிச்சாருன்னு போட்டிருக்குதே?"

தனராஜ் சிரித்தார். கோவர்த்தனன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"மழிக்கல சார். மொட்டை அடிச்சாரு."

"ரெண்டும் ஒண்ணுதானய்யா."

"ரெண்டும் ஒண்ணில்ல சார்!"

சுரேஷ்பாபுவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சம் லாட்ஜின் எந்த அறையிலும் எரிந்ததில்லை. வடக்கே மலையை நோக்கித் திரும்பிக் கைகூப்பினார். "ஏழு மலை மேல சத்தியம் சார்! இந்தாளு தலைமுடிய நான் தொட்டதே இல்ல. தொட்டிருந்தா என் கை அழுகட்டும்!"

கண் கலங்கச் சொன்னார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே உண்மையான சத்தியமாக அது இருக்கக்கூடும். கேள்வி தவறாக இருந்தால் கயவனும் தாராளமாகச் சத்தியம் செய்யலாம். மனச்சாட்சி உறுத்தாது, கையும் அழுகாது. கேள்வி சரியாக இருந்தாலும் அழுகியதாகத் தகவல் இல்லை.

கோவர்த்தனன் தனராஜைப் படிக்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். சுரேஷ்பாபு பின்னாலிருந்து, "படியா சார்? பரவால்ல, உங்களுக்கு ஃப்ரீ" என்றார்.

"நீ சொல்றது எனக்குப் புரியாதாய்யா? நான் நகரிக்காரன். எங்க வூட்ல தறி ஓடுது. நூலு வாங்கினு வந்தா எங்க நைனா மொத வார்த்த இதான் சொல்வாரு. ஆனா ரெகார்டுக்குத் தமிழ் தெரியாதே!"

"வார்த்தைய மாத்திடுங்க சார்."

"கம்ப்யூட்டர் உள்ள போனத மாத்த முடியாது. அதே ஆளு மேல வேற புகார் குடுத்தாலும் அது ஏத்துக்காது. திங்கக்கெழம வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள ஆதாரம் சேக்கலன்னா பொய்ப் புகாருன்னு மூடிடணும். மூடினா இந்தாளு உம்மேல கேசு போடுவான். அவன் செய்யாததச் செஞ்சான்னு நீ எழுதிக் குடுத்ததா ஆயிடும்."

தனராஜுக்குப் போன பணம் இப்போது பெரிதாகத் தெரியவில்லை. சித்தூரில் இத்தனை வருஷமாக அடுத்தவனைப் பார்த்து அநியாயம் என்று சொல்லிவந்த வாய், பொய் வாய் என்று பதிவாகப் போகிறது.

"இன்னா ஆதாரம் சார் வேணும்?"

"புகாருக்குப் பொருத்தமா ஒரு போட்டோ." கோவர்த்தனன் அவருடைய தலையைப் பார்த்தார். பிறகு விட்டத்தைப் பார்த்தார். "எந்தத் தேதியில எடுத்ததுன்னு அதுல கேக்கறதில்ல."

வீட்டுக்கு வந்து சொன்னதும் தபீதாள் கத்தினாள். "ஸ்வீட்டி நைனா, உனக்குப் பைத்தியமா? இப்பதான் எனக்குக் கண்ணு தெளிவா தெரியுது. மொதல்ல பாக்கறது உன் மொட்டையா? சர்ச்ல எல்லாரும் இன்னா நெனைப்பாங்க? ஆபரேஷனுக்கு மலைக்கு வேண்டிக்கினான்னு சொல்ல மாட்டாங்க?"

"அப்ப வுட்டுடட்டுமா?"

"வுட்டுத் தொலை. லிஃப்ட்டுக்குக் குடுத்தது போனா போவுது."

"செவுத்துக்குக் குடுத்ததும் போவுட்டும்கிறியா?"

"எந்தச் செவுரு?"

தனராஜ் அதை அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. சொன்னார். தபீதாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் செவுத்தத் தொடவே இல்லியே! உன் தோளதான புடிச்சிக்கினு நடந்தேன். என் புருசன் தோளுக்கு அவன் எப்பிடிக் காசு வாங்குவான்?" சற்று நேரம் மூச்சு வாங்கினாள். "அடிச்சிக்கோ. ஆனா மலைக்குப் போவாத."

மலையில் முடி எடுப்பதற்குக் காசு கிடையாது. மனைவி கேட்டுக்கொண்டபடி, காசு வாங்குகிற இடமாகத் தேடி, வெள்ளிக்கிழமை திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலூனில் போய் உட்கார்ந்தார் தனராஜ். அலுவலகம் மூடுவதற்குள் போட்டோ எடுக்க வேண்டும் என்ற அவசரம். அந்த அவசரத்தில், வாழ்நாளில் ஒருமுறைகூட மறக்காத ஒன்றை மறந்தார். விலையை முதலில் கேட்கவில்லை.

இடது பக்கம் முழுவதும் வழித்தாகிவிட்டது. சலூன்காரர் ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்.

"இன்னா சார் வேண்டுதல்? பொண்ணு கல்யாணமா?"

"வேண்டுதல் இல்லப்பா. ஒரு புகாருக்கு."

கத்தி நின்றது.

"புகாருக்கா? அது வேற ரேட்டு சார்."

"தலை ஒண்ணுதானய்யா! முடி ஒண்ணுதானய்யா!"

"சாமிக்கு அடிச்சா எனக்குப் புண்ணியம் வருது, அதனால கொறச்சிக்கிறேன். புகாருக்கு அடிச்சா எனக்கு இன்னா வருது? நாளைக்கு சாட்சி சொல்ல வான்னு கூப்புடுவாங்க." அவர் கேட்ட தொகை மேசைமேல் இருந்த விலைப்பலகையில் போட்டிருந்ததைப் போல நான்கு மடங்கு. "வேணாம்னா எழுந்து போங்க சார். கட்டாயம் இல்ல."

தனராஜ் கண்ணாடியைப் பார்த்தார். வலது பக்கம் சுருட்டைக் காடு. இடது பக்கம் எதுவுமில்லை. அவர் தலையைக் குனிந்தார்.

காவ்யா போட்டோவை ஏற்றியதும் திரையில் பச்சை நிறம் வந்தது. ஆதாரம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடற்குழுவின் கடைசி வரிசை முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. ஆராதனை முடிந்து வாசலில் பாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பிரதர், மலைக்கா போனீங்க?"

"கீழதான் பாஸ்டர். சலூனுக்கு."

தபீதாள் குறுக்கே வந்தாள். "லாட்ஜிக்காரன் மொட்டை அடிச்சிட்டான் பாஸ்டர்!"

சுற்றி நின்ற பெண்கள் ஐயோ என்று வாயில் கைவைத்தார்கள். "அடப்பாவி, வயசான மனுசனப் புடிச்சி மழிச்சானா?" "கை காலக் கட்டிட்டா மழிச்சான்?" தபீதாள் விளக்கம் சொல்லச் சொல்லக் கூட்டம் இன்னும் கொதித்தது. எல்லாரும் தமிழர்கள்தான், எல்லாரும் அந்தச் சொல்லை நித்தமும் சொல்கிறவர்கள்தான். ஆனால் மழித்துப் பளபளக்கும் ஒரு தலைக்குப் பக்கத்தில் நின்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் மிஞ்சுகிறது. பாஸ்டர் அவருக்காக அங்கேயே ஜெபம் செய்தார். முடி சீக்கிரம் வளர வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விசாரணை, அலுவலகத்தில். சுரேஷ்பாபு மீசையை நீவிக்கொண்டு உள்ளே வந்தவர், தனராஜின் தலையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

கோவர்த்தனன் பதிவில் எழுதியிருந்ததை மட்டும் கேட்டார்.

"தனராஜ், இது உன் தலைதானே?"

"என் தலைதான் சார்."

"இவரு லாட்ஜில உனக்கு மொட்டை அடிச்சாரா?"

"அடிச்சாரு சார்."

"நீ கேட்டு அடிச்சாரா?"

"நான் கேக்கல சார். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சிது."

ஒரு பொய்கூட இல்லை. போனமுறை சுரேஷ்பாபு செய்த சத்தியத்திலும் ஒரு பொய் இல்லையே. இரண்டு உண்மைகளும் மேசையின் இரு பக்கமும் எதிரெதிரே நின்றன. கோவர்த்தனன் சுரேஷ்பாபுவின் பக்கம் திரும்பினார்.

"ஒரு மனுசனக் கட்டாயமா மழிக்கறது எவ்ளோ பெரிய குத்தம் தெரியுமா? பில்லு கில்லுன்னு இருந்தா நான் பேசி அனுப்பிச்சிடுவேன். இது போலீசு. ஜெயிலு."

"சார், ஏழு மலை மேல சத்தியமா..."

"சத்தியத்துக்குக் கட்டம் இல்ல இதுல. போட்டோவுக்குத்தான் கட்டம் கீது. போட்டோ கீது."

சுரேஷ்பாபு தனராஜைப் பார்த்தார், காவ்யாவைப் பார்த்தார், ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். உதவி எங்கிருந்தும் வரவில்லை. பிறகு குரல் உடைந்து கத்தினார்.

"சார், நான் தலையில கைவெக்கல சார்! பில்லுலதான் சார் மொட்டை அடிச்சேன்!"

தனராஜ் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சொல்லை அதன் சரியான பொருளில், செய்தவன் வாயாலேயே கேட்பதற்காக ஒரு மனிதன் எவ்வளவு முடியையும் கொடுக்கலாம்.

"லிஃப்ட்டா?" என்றார் கோவர்த்தனன்.

"லிஃப்ட்டும் சார்."

"செவுரா?"

"செவுரும் சார். ரிமோட்டுக்கு வாடக போட்டேன், அதும் சார். அந்த ரூம்ல ஏசியே இல்ல சார்."

சுரேஷ்பாபு அதிகமாக வாங்கியதையெல்லாம் மேசைமேல் எடுத்து வைத்தார். தனராஜ் வாங்கிக்கொண்டார். சமாதானமானதைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் புகார் எந்தச் சொல்லில் தொடங்கியதோ, தீர்ப்பும் அதே சொல்லில் முடிந்தாக வேண்டும். அந்தக் கட்டத்தில் வேறு சொல் ஏறவில்லை. காவ்யா தட்டினாள். அச்சாகி வந்த தாளைக் கோவர்த்தனன் தமிழில் வாசித்துக் காட்டினார்: 'மனுதாரரிடமிருந்து எடுக்கப்பட்ட தலைமுடி முழுவதையும் எதிர்மனுதாரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். மனுதாரர் குறைவின்றிப் பெற்றுக்கொண்டார்.'

தனராஜ் குனிந்து கையெழுத்துப் போட்டார். மின்விசிறிக்காற்று அவருடைய தலையில் நேராக வந்து பட்டது.

போவதற்கு எழுந்தவர், காவ்யாவின் மேசையருகே நின்றார்.

"இன்கோ கம்ப்ளைன்ட்டு உந்தம்மா."

இன்னொரு புகாரா என்று காவ்யா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். யார்மேல் என்று கேட்டாள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கன சலூன்வாடு."

"ஏமி சேசாடு?"

என்ன செய்தான் அவன்? தனராஜ் வாயைத் திறந்தார். சொல் நாக்கின் நுனிவரை வந்தது. காவ்யா அவருடைய தலையைப் பார்த்தாள்; இந்த முறை நன்றாகவே பார்த்தாள். சலூன்காரன் வேறு என்ன செய்வான் என்பதுபோல் பார்த்தாள்.

தனராஜ் வாயை மூடினார். தலையைத் தடவினார். முப்பது வருஷத்தில் முதல்தடவையாக அந்தச் சொல் இல்லாமல் சொல்லிப் பார்த்தார்.

"வேலைய பாதியில நிறுத்திட்டு வெலைய சொன்னாம்மா."

பழக்கமில்லாத அந்த வாக்கியம் அவருக்குத் தமிழில்தான் வந்தது; கோவர்த்தனன் அதைத் தெலுங்கில் சொன்னார். காவ்யா திரையில் இருந்த வகைகளை மேலிருந்து கீழே வரை ஓட்டினாள். கீழிருந்து மேலே ஓட்டினாள். பிறகு உண்மையாகவே புரியாமல், நிமிர்ந்து கேட்டாள்.

"அதி தப்பா?"